முதுகுவலி என்று எழுதியவன்

மருத்துவச் சான்றின் பேரில் விடுப்பில் போனவர், பணி செய்யத் தகுதியானவர் என்று சிகிச்சை தந்த மருத்துவர் தரும் தகுதிச் சான்றோடு திரும்பினால் அன்றே பணியில் சேர்த்துக்கொள்ள வேண்டும். சந்தேகம் இருந்தால் மட்டுமே மருத்துவக் குழு. நோய் உடம்பில்தான் இருக்க வேண்டும் என்று விதி எங்கும் சொல்லவில்லை. எங்கள் தென்காசி அலுவலகத்தில் இதைக் கண்காணிப்பாளரான என்னைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை.

என் பிரிவின் உதவியாளர், குற்றாலத்திலிருந்து வந்துபோகும் பெண், விடுப்பு விண்ணப்பத்தில் 'மனச்சோர்வு' என்றே எழுதிவிட்டார். எங்கள் அலுவலகத்தில் யாரும் அப்படி எழுதியதில்லை. சாரல் காலத்தில் அருவிக்குப் போகக் காய்ச்சல், வீட்டு விசேஷத்துக்கு வயிற்றுப்போக்கு, அதுதான் வழக்கம். பதினைந்து வருடத்துக்கு முன் எனக்கு உறக்கம் போய், எந்தக் கோப்பிலும் ஒரு வரிகூட எழுத முடியாமல் போனபோது நான் எழுதியது முதுகுவலி. இரண்டு மாதமும் முதுகைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். மனைவியும் நம்பித் தைலம் தேய்த்துவிட்டாள்.

விடுப்பிலிருந்த உதவியாளரை வீட்டில் பார்க்க அலுவலகமே பழம் வாங்கிக்கொண்டு போனது.

"ஏம்மா, ஐந்தருவியில நாலு நாள் தலைய நனைச்சா பித்தமெல்லாம் இறங்கிரும்லா" என்றார் ஜீப் ஓட்டுநர்.

"எனக்கு மாத்திரை போதும் அண்ணாச்சி. நீங்க போய் நனைங்க, உங்களுக்குத்தான் நெறய இறங்கணும்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. நான் ஒளித்து வைத்த அதே நோயை நடுவீட்டில் வைத்துக்கொண்டு இந்தப் பெண் சிரிக்கிறார், பழமும் கிடைக்கிறது.

மூன்று மாதம் கழித்துத் தகுதிச் சான்றோடு வந்தார். நான் சேர்க்கவில்லை. மனநலம் சார்ந்த நோய் என்பதால் மருத்துவக் குழுவின் கருத்து தேவை என்று குறிப்பெழுதி மேலிடத்துக்கு அனுப்பினேன். சந்தேகம் எதுவும் எனக்கு இருக்கவில்லை.

அதே வாரம் பணியிட மனநல விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தச் சொல்லி ஆணை வந்தது. உடன் வேலை செய்பவரை ஒதுக்க மாட்டோம் என்ற உறுதிமொழியை நான்தான் உரக்க வாசித்தேன். முடிந்து வெளியே வந்தால் வராந்தாவில் அவர்.

"சார், வீட்டுலயே கெடந்தா மறுபடியும் பழையபடி ஆயிரும்னு டாக்டர் சொல்லுதாரு. என் ஃபைல் என்னாச்சு?"

"நடைமுறைம்மா" என்றேன்.

வாரந்தோறும் வந்தார். பிறகு வரவில்லை. மறுபடி படுத்துவிட்டார் என்று ஓட்டுநர் சொன்னார். மேலிடத்துக்கு நான் ஒரு நினைவூட்டுக் கடிதம் போட்டிருக்கலாம். போடவில்லை.

பதில் இரண்டே வரி. சான்று போதுமானது, உடனே பணியில் சேர்க்கவும்; எந்தச் சந்தேகத்தின் பேரில் குழுவின் கருத்து கேட்கப்பட்டது என்பதைக் கண்காணிப்பாளர் விளக்க வேண்டும். அது அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது, நான் ஓய்வுபெற்றதற்கு மறுநாள்.