நான் கழற்றிய ஒயர்

ஒரு பெண்ணின் பெயரை நான் கெடுத்தேன். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. வயதைக் காட்டித் தப்பித்துக்கொள்ள இதை எழுதவில்லை. அன்று செய்ததைவிட, அதற்குப் பின் ஐம்பது வருடங்களுக்கு மேல் வாயை மூடிக்கொண்டிருந்ததுதான் பெரிய தவறு. அதற்குச் சிறுவயது காரணமாகாது.

சிங்கப்பூரில் ஜாலான் புசார் பக்கம் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் நாங்கள் குடியிருந்தோம். அப்பா, அம்மா, நான், அப்பாவின் தம்பியான சித்தப்பா. சித்தப்பாவுக்குக் கப்பல் பட்டறையில் எலெக்ட்ரீஷியன் வேலை. ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த வெள்ளைக்கார அதிகாரி ஒருவரிடமிருந்து அவர் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினார். வெளிர் பச்சை நிறம், இரண்டே இருக்கை. அப்பா மூன்று நாள் அவரோடு பேசவில்லை. நான்காம் நாள் அதே காரில் ஏறிப் போய் மீன் வாங்கிவந்தார்.

அந்தக் காரில் கார்பரேட்டர் கிடையாது. பெட்ரோலை எவ்வளவு பீய்ச்சுவது என்று கணக்குப் போட இருக்கைக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. எங்கள் வட்டாரத்து மெக்கானிக்குகள் பானெட்டைத் திறப்பார்கள், சற்று நேரம் பார்ப்பார்கள், மூடிவிடுவார்கள். “இது ரேடியோ, கார் இல்ல லா” என்று ஒரு சீனப் பெரியவர் மலாயில் சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் சித்தப்பாவே அதற்கு வைத்தியம் பார்த்தார். ஸ்டார்ட் ஆகவில்லையென்றால் அவருக்கு ஒரு வரிசை உண்டு. சாவியைத் திருப்பியதும் பின்னால் பம்ப் இரண்டு நொடி முனகுகிறதா? பிளக்கில் பொறி வருகிறதா? பிளக் காய்ந்திருக்கிறதா, நனைந்திருக்கிறதா? காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்து கறுத்திருந்தால் அளவுக்கு மீறி வருகிறது. ஒருமுறை பிளக்குகள் நனைந்தே வந்தன. இரண்டு ஞாயிறு போராடிக் கண்டுபிடித்தார். இன்ஜின் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று அந்தப் பெட்டிக்குச் சொல்ல ஒரு சிறு கருவி இருந்தது. அதன் ஒயர் கழன்றிருந்தது.

“இந்த ஒயர் கழண்டா, வண்டி தான் பனிக்கட்டி மேல நிக்குறதா நினைச்சுக்குது” என்று பட்டறை நண்பரிடம் சொல்லிச் சிரித்தார். “குளிருதேன்னு பெட்ரோல அள்ளி ஊத்துது. மூச்சு முட்டிப்போவுது.”

கார் கழுவிக்கொண்டிருந்த நான் அதைக் கேட்டேன். கழுவுவதற்கு எனக்கு ஒரு கூலி பேசியிருந்தார்: பெண் பார்க்கப் போகும்போது முன்சீட்டில் நான்.

பெண் வீடு சிராங்கூன் சாலையில். எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. ஆனால் மாப்பிள்ளை காரில் போய் இறங்க வேண்டும் என்று அப்பா முடிவு செய்துவிட்டார். அன்று ஞாயிறு, நாலரைக்கு ராகுகாலம். அதற்குள் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். மூன்று மணிக்கு நான் காற்சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு காரின் பக்கத்தில் நின்றேன்.

அப்பா வந்து முன்சீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, அங்கவஸ்திரம் எடுக்க மறுபடி மேலே போனார்.

“சித்தப்பா, நான்?”

“அண்ணன் வர்றாருல்ல. நீ அம்மாவோட நடந்து வாடா. உனக்கு என்ன, காலா இல்ல?” என்று சொல்லிவிட்டு அவரும் தலைவாரப் போனார்.

எனக்கு வந்த கோபம் இன்றும் நினைவிருக்கிறது. காது சுட்டது. பானெட்டைத் திறந்தேன். அந்த ஒயரைக் கழற்றினேன். மூடினேன். நான் நினைத்ததெல்லாம் ஒன்றுதான்: நான் நடந்தால் எல்லாரும் நடக்கட்டும்.

காலையில் பூ வாங்கப் போய்வந்த கார், சாவியைத் திருப்பினால் உறுமியது, பற்றவில்லை. மறுபடி. மறுபடி. தெருவெல்லாம் பெட்ரோல் வாடை. சித்தப்பா சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஒரு பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். நனைந்து கறுத்திருந்தது. கீழ்க்கடைக்காரர் வெளியே வந்து, “மாப்பிள, பொண்ணு வீட்டுக்கா, பெட்ரோல் ஸ்டேஷனுக்கா?” என்று கேட்டார். அம்மா வெற்றிலைத் தட்டோடு வெயிலில் நின்றாள். “நடந்தே போயிடலாம், பக்கம்தானே” என்றாள்.

அப்பா காரிலிருந்து இறங்கினார். “ஓடுற வண்டி மூணு தடவ நின்னுடுச்சு. இதுக்கு மேல அந்த வாசல்ல கால் வைக்கச் சொல்றியா? தட்ட உள்ள கொண்டு போ.”

அவ்வளவுதான். வரவில்லை என்று சொல்லப் பெண் வீட்டுக்கு ஆள் போயிற்று. சித்தப்பா பானெட்டை மூடிவிட்டுச் சட்டைக் கையை இறக்கிவிட்டார். ராத்திரி நான் போர்வைக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். சொன்னால் அப்பா தோலை உரித்திருப்பார். சொல்லவில்லை. மறுநாள் கார் ஓடியது.

கார் நின்ற கதையும் ஓடியது. அந்தப் பெண்ணைப் பார்க்கக் கிளம்பினாலே வண்டி நிற்கிறது என்று கடைகளில் பேசிக்கொண்டார்கள். அடுத்து வந்த இரண்டு வீட்டார் பாதியில் விலகினார்கள். அப்பாவும் அதை நாலு பேரிடம் பெருமையாகச் சொன்னார், தன் தம்பி தப்பித்தான் என்பதுபோல. நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். படித்தேன், வேலைக்குப் போனேன், பேரன் பேத்தி எடுத்தேன். வாயைத் திறக்கவில்லை.

சித்தப்பாவின் திருமணத்தைக் கெடுத்துவிட்டோம் என்பதுதான் இத்தனை வருடமும் என் உறுத்தலாக இருந்தது. அவர் இரண்டு வருடம் கழித்துத் தன்னோடு வேலை செய்த ஒருவரைத் திருமணம் செய்துகொண்டார். போன வருடம் ஈசூனில் அவர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு எண்பத்திரண்டு வயது. கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“ஒயர அப்பவே பாத்துட்டேன்டா. பிளக் நனைஞ்சிருந்தா வேற எங்க பாப்பேன்? அண்ணன்கிட்ட இந்தப் பொண்ணு வேணாம்னு சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. உன் புண்ணியத்துல வண்டி சொல்லிடுச்சு.”

எனக்கு அவரை அடிக்கலாம் போலிருந்தது. “அந்த அக்காவ நினைச்சுப் பாக்கலியா?” என்றேன்.

“நீ நினைச்சியா?” என்றார்.

ஐம்பது வருடமாக நான் மன்னிப்புக் கேட்கக் காத்திருந்த ஆள் தவறான ஆள்.

அந்த அக்காவைத் தேடிப் போனேன். பாசிர் ரிஸ்ஸில் தனியாக இருந்தார். ஓய்வு பெற்ற மருத்துவமனைத் தாதி. யாரென்று தெரியாமல், “வாங்க, உக்காருங்க” என்று தண்ணீர் கொடுத்தார். நான் சொல்லி முடித்தபோது ‘நீங்க’ போய்விட்டது.

“நீயா அது?” என்றார். “கல்யாணம் ஆகலன்னு நான் அழல. எனக்கு வேலை இருந்துச்சு. ஆனா என் கூடப் பொறந்தவன் வீட்டுலயே ஒரு ஆரத்தி எடுக்க விட்டதில்ல. கொஞ்சம் தள்ளி நில்லும்மாம்பான். இன்னிக்கும் சொல்றான். அடுத்த வாரம் அவன் பேத்திக்கு நிச்சயம். அங்கயும் சொல்லுவான்.”

“நான் வந்து எல்லார் முன்னாடியும் சொல்றேன், அக்கா.”

“சொல்லு. என்ன ஆவுதுன்னு பாப்போம்.”

போனேன். கூடம் நிறைய ஆட்கள். ஆரத்திக்கு முன் எழுந்து நின்று, இன்ஜின், ஒயர், முன்சீட்டு, என் சித்தப்பா மறைத்தது எல்லாவற்றையும் சொன்னேன். பேசி முடித்ததும் நெஞ்சு லேசானது. அதை ஒப்புக்கொள்ள வெட்கமாக இருக்கிறது.

அக்காவின் அண்ணன் நாற்காலியை விட்டு அசையவில்லை. “சின்னப் பையன் கைய அந்த நேரத்துல அந்த ஒயர்ல கொண்டு போய் வெச்சது யாரு?” என்று கேட்டார். “எல்லாம் அவ நேரம். விடுங்க, சாப்பிட வாங்க.”

சிலர் தலையாட்டினார்கள். பெண்ணின் தாய், அந்த வீட்டு மருமகள், முகம் சிவந்துபோய் ஆரத்தித் தட்டோடு அக்காவிடம் வந்தார். “அத்தை, நீங்களே எடுங்க.”

அவர் தட்டைத் தொடவில்லை. “வண்டி நின்னதுக்கும் எனக்கும் சம்பந்தமில்லன்னு நேத்து வரைக்கும் நானேதான் சொன்னேன். யாரும் கேக்கல. இப்ப ஒரு ஆம்பள வந்து சாட்சி சொன்னப்புறம் குடுக்குறீங்க. வெச்சுக்கோ.”

பேத்தியின் கன்னத்தைத் தடவிவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டார். என்னைக் கடக்கும்போது நின்றார். எனக்கு ஒரு வார்த்தை கிடைக்கும் என்று பன்னிரண்டு வயதுப் பையனைப் போல நிமிர்ந்து நின்றேன்.

“வழிய விடு” என்றார்.

விட்டேன்.