கையில்தான் கொடுக்க வேண்டிய கருவாடு

லண்டனுக்குத் திரும்பிய முதல் வாரத்தில் எங்கள் வீட்டில் ஒருவரும் ஒருவரோடும் நல்லபடி கதைக்கவில்லை. மூன்று மாதம் பூட்டிக் கிடந்த மூன்றாம் மாடி வீடு. கதவைத் தள்ளித் திறக்க முடியாதபடி உட்புறம் தபால்கள் குவிந்திருந்தன. ஹீட்டர் உயிர்பெற மறுத்தது. பல்கலைக்கழகத்தில் நான் ஒரு தவணையை இழந்திருந்தேன். இவை அனைத்தையும் பொறுத்திருக்கலாம். பொறுக்க முடியாதது கருவாட்டு மணம்.

நாங்கள் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் சாப்பிடுவதில்லை. அம்மாவின் அடுப்பில் முட்டைகூட ஏறியதில்லை. அப்படிப்பட்ட வீட்டுக்குள் ஒரு பை கருவாடு வந்த விதத்தை விளங்கிக்கொள்ள, எவருக்கும் இல்லையென்று சொல்ல அப்பாவால் இயலாது என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும்.

சண்டை ஓய்ந்து பேச்சுவார்த்தை நடந்த மாதங்களில், சித்தப்பா மகளின் கல்யாணத்துக்காகக் கொடிகாமம் போயிருந்தோம். நாங்கள் புறப்படும் செய்தி எங்களை முந்திக்கொண்டு சந்தைக்குப் போய்விட்டது. கடைசி வாரம் முழுவதும் வாசல் படலையைச் சாத்த முடியவில்லை. மிளகாய்த்தூள், பனங்கிழங்கு ஒடியல், ஊறுகாய், பெண் பார்ப்பதற்கென்று ஒரு சாதகம். கொண்டுவந்த எல்லோரும் ஒரே வசனத்தைச் சொன்னார்கள்: "பாரமில்லை, ஒரு சின்னப் பார்சல்தான்." அப்பா ஒவ்வொன்றையும் வாங்கி வைத்தார். அம்மா தமது சேலைகளை ஒவ்வொன்றாகப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்தார்.

கருவாடு கடைசி நாள் வந்தது. கொண்டுவந்த பெண்மணி மயிலிட்டியிலிருந்து இடம்பெயர்ந்து, பருத்தித்துறையில் உறவினரின் வளவொன்றில் கொட்டில் போட்டு இருந்தவர். மகன் லண்டனில். எங்களுக்கு அவரை முன்பின் தெரியாது.

"அண்ணை, இதை வேறை ஆரிட்டையும் குடுத்து விடாதேங்கோ. அவன்ரை கையிலையே குடுங்கோ," என்றார். "கடிதம் வருது, படம்தான் வருகுதில்லை. கேட்டால் கமரா இல்லையெண்டு எழுதுறான். லண்டனிலை கமரா இல்லையே? நீங்கள் அவன்ரை முகத்தைப் பாத்து எனக்கு ஒரு சொல்லு எழுதினால் காணும்."

"ஓம், அதுக்கென்ன," என்றார் அப்பா.

அம்மா உள்ளே வந்ததும் குரலைத் தாழ்த்தினார். "இஞ்சாருங்கோ, அது கருவாடு."

"நல்லாச் சுத்தித்தானே கிடக்கு."

கிளாலியில் வள்ளம் ஏறுவதற்குள் சுற்றியது போதாதென்று தெரிந்துவிட்டது. வவுனியாவில் மற்றவர்களின் பெட்டிகளை அடிவரை கிண்டிய சிப்பாய், எங்களுடையதைத் திறந்த கையோடு மூடிவிட்டான். அந்தக் கருவாட்டால் எங்களுக்குக் கிடைத்த ஒரே நன்மை அது.

லண்டனில் அம்மா அதைக் குசினிக்குள் விடவில்லை. பிரிட்ஜுக்குள் வைப்பதென்ற பேச்சுக்கே இடமில்லை. சுவாமிப் படம் இருந்ததால் கூடத்திலும் முடியாது. ஒருவாறு அது பல்கனியில் ஓர் ஆணியில் தொங்கியது. இரண்டாம் நாள் மேல்மாடிப் பெண்மணி, எங்கோ ஏதோ செத்துக் கிடப்பதாக முறையிட, கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவர் டோர்ச் லைட்டோடு வந்து ஹீட்டரின் பின்புறமெல்லாம் தேடினார். என் குளிர்கோட்டும் மணத்தது. விரிவுரையில் எனக்கு இரு பக்கமும் இருக்கைகள் காலியாக இருந்தன. அன்றைய பாடம் துன்பியல் நாடகம்.

மற்றப் பார்சல்களை உரியவர்கள் வந்து எடுத்துப் போனார்கள். கருவாட்டின் உரியவன் மட்டும் வரவில்லை. அவன் ஒரு கோழிப்பொரியல் கடையில் வேலை செய்தான். அப்பா கடைக்குத் தொலைபேசி எடுத்தார். "இந்தக் கிழமை வாறன், அங்கிள்," என்றான். பிறகு வேலை என்றான். பிறகு, "அதை எறிஞ்சு விடுங்கோ அங்கிள், சாப்பிட்டனான் எண்டு நான் அம்மாக்கு எழுதுறன்," என்றான். அப்பா எறியவில்லை. முடிவில் அவன் தன் சிநேகிதன் ஒருவனை அனுப்பினான். அப்பா அவனை இருத்தித் தேநீர் கொடுத்துவிட்டு, கருவாட்டைக் கொடுக்க மறுத்தார்.

"நான் என்ன, கருவாட்டுக் கள்ளனே?" என்று கேட்டுவிட்டு அவன் கோபித்துக்கொண்டு போனான்.

ஒரு மாதமாக அடங்கியிருந்த அம்மா அன்று வெடித்தார். "வந்த பெடியனிட்டைக் குடுத்துத் துலைச்சிருக்கலாமெல்லே? நீங்கள் சொல்லுக் குடுக்கிறது, நாங்கள் மூக்கைப் பொத்துறதே?"

"கருவாடு ஒரு சாட்டு," என்றார் அப்பா. "மனுசி தந்துவிட்டது முகத்தைப் பாக்க."

அடுத்த ஞாயிறு அவனே வந்தான். சிநேகிதன் எங்களைப் பற்றி என்ன சொன்னானோ தெரியாது. வாய்வரை சுற்றிய கழுத்துத்துணியை வீட்டுக்குள்ளும் கழற்றாமல் இருந்தவன், தேநீர் குடிக்கக் கழற்ற வேண்டியதாயிற்று. இடது கன்னத்திலிருந்து கழுத்துவரை தோல் சுருங்கி மினுங்கியது.

"கடையிலை எண்ணெய் பட்டது," என்றான், ஒருவரும் கேட்காமலே. "இப்ப நோகாது. நான் நல்லா இருக்கிறன் எண்டு மட்டும் அம்மாக்கு எழுதி விடுங்கோ, அங்கிள்."

"ஓம், அதுக்கென்ன," என்றார் அப்பா.

சொன்ன பிறகுதான் அவருக்கே விளங்கியிருக்க வேண்டும். என் பக்கம் திரும்பினார். "நீ இலக்கியமெல்லே படிக்கிறாய். ரெண்டு பேருக்கும் பொருந்துற மாதிரி ஒண்டு எழுது, பாப்பம்."

தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 'உங்கள் மகனைப் பார்த்தோம்' என்று எழுதினேன். அடுத்த வசனம் எதுவானாலும், கொட்டிலில் காத்திருந்தவருக்கோ எதிரே இருந்தவனுக்கோ துரோகமாகவே முடிந்தது. இருவருக்கும் வாக்குக் கொடுத்தவர் ஆற அமரத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"என்னாலை ஏலாது, அப்பா," என்று பேனையை மூடினேன்.

அம்மா அறைக்குள் போய்க் கமராவோடு வந்தார். "கல்யாணத்திலை எடுத்த றோலிலை இன்னும் மிச்சம் கிடக்கு."

அவன் உடனே வலது கன்னத்தைக் காட்டித் திரும்பினான்.

"தம்பி, ஒரு மாசம் உன்ரை கருவாட்டோடை இருந்திட்டன். இனி எனக்குப் பொறுமையில்லை. நேரை பார்."

"அம்மா அழுவா, அன்ரி."

"அழட்டும். இப்ப என்ன, சிரிச்சுக்கொண்டே இருக்கிறா? படம் வராமல் விட்ட நாளிலையிருந்து இதைவிடக் கெட்ட முகம் எத்தினையை நினைச்சுப் பாத்திருப்பா."

அவன் மடியில் கிடந்த கழுத்துத்துணியை எடுத்துப் பக்கத்து நாற்காலியில் வைத்தான். பிறகு நேரே பார்த்தான். சிரிக்கவில்லை. அம்மாவும் சிரிக்கச் சொல்லவில்லை.

அவன் பையோடு போன கையோடு, அம்மா பல்கனியை மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவினார். மணம் போகவில்லை. யார்மீதென்று தெரியாமல் அன்று முழுவதும் ஏசிக்கொண்டே இருந்தார். படம் கழுவி வந்தபோது, அது மணவறைப் படங்களுக்கும் பந்திப் படங்களுக்கும் அடுத்ததாக இருந்தது. அம்மா அதை ஓர் உறையில் இட்டார். கடிதம் என்று எதுவும் வைக்கவில்லை.

பக்கத்துத் தெருவில் ஒரு குடும்பம் பருத்தித்துறைக்குப் போக இருப்பதாகக் கேள்விப்பட்டு, அம்மா அவர்களுக்குத் தொலைபேசி எடுத்தார்.

"பாரமில்லை, ஒரு சின்ன உறைதான்," என்றார். "வேறை ஆரிட்டையும் குடுத்து விடாதேங்கோ, அவவின்ரை கையிலையே குடுங்கோ."

மறுமுனையில் ஏதோ கேட்டார்கள். அம்மாவின் முகம் சுருங்கியது.

"இல்லை, இல்லை," என்றார். "மணக்காது."