பாத்தியில் உட்கார்ந்த பூனைகள்

பூனை வந்து தொட்டிச் செடியைக் கிளறுகிறது, என்ன செய்யலாம் என்று எதிர்வீட்டுப் பெண் போன வாரம் என்னைக் கேட்டாள். முள்ளைப் போடும்மா என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். முள்ளுக்கும் அடங்காத பூனைகளை நான் பார்த்திருக்கிறேன் என்று அவளிடம் எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது?

நெய்வேலிச் சுரங்கத்தில் வேலை பார்த்த அப்பாவுக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்தபோது நான் மூன்றாவது படித்துக்கொண்டிருந்தேன். அதுவரை அம்மா அடுத்தவர் வயலில்தான் நாற்று நட்டிருக்கிறாள், களை பறித்திருக்கிறாள். தனக்கென்று ஒரு விதை போட அவளுக்கு இடம் இருந்ததில்லை. வீட்டின் பின்பக்கத்தைப் பார்த்ததும் சாமான்களைக்கூடப் பிரிக்காமல் கடப்பாரையைக் கேட்டாள். எங்கே குத்தினாலும் கல் மாதிரி செம்மண். வேலியோர மூலையில் மட்டும் மண் கறுப்பாக, கையாலேயே கிளறலாம் போலப் பொலபொலவென்று இருந்தது. அங்கே பாத்தி கட்டிக் கத்திரி நட்டாள். "என் மண்ணு" என்று அம்மா சொல்லி அப்போதுதான் முதல்முறை கேட்டேன்.

நாற்று வேர் பிடித்ததும் பூனைகள் வந்தன. சாயங்காலம் ஷிப்ட் சங்கு ஊதி அடங்கும் நேரம் அது. மூன்று பூனைகள். மண்ணைக் கிளறவில்லை, கத்தவில்லை, சண்டை போடவில்லை. பாத்தியின் நடுவில் ஓர் இடத்தைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு அந்த மண்ணையே பார்த்துக்கொண்டிருக்கும். அவற்றின் அடியில் நாற்று நசுங்கிக் கிடக்கும். கல்லை எறிந்தால் கொஞ்சம் விலகி, மறுபடி அதே இடத்தில் வந்து உட்காரும். எங்களைக் கண்டு அவற்றுக்குப் பயம் இல்லை. பயம் இல்லாததுகூடப் பரவாயில்லை, நாங்கள் அங்கே இருப்பதே அவற்றுக்குத் தெரியாத மாதிரி இருந்தது. அதுதான் எனக்கு உதறல்.

அம்மா கருவேல முள்ளைப் பரப்பினாள். முள்ளை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தன. மிளகாய்த்தூள் கரைத்துத் தெளித்தாள். எங்கள் கண்தான் எரிந்தது.

அப்போது மாமா எங்களோடு தங்கியிருந்தார். அம்மாவின் தம்பி, காண்ட்ராக்ட் வேலை தேடி வந்தவர். கருவாட்டைக் காட்டி மூன்றையும் கோணிக்குள் தள்ளி, சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்ச் சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு, சண்டையில் ஜெயித்தவர் போல வந்தார். மறுநாள் சாயங்காலம் பாத்தியில் நான்கு உட்கார்ந்திருந்தன.

"ஏண்டா, வுட்டுட்டு வாடான்னா சொந்தக்காரங்களையும் கூட்டிகினு வந்திருக்கியா?" என்று அம்மா சிரித்தாள்.

"சிரிக்காதக்கா. நாலாவது எங்கேருந்து வந்துச்சின்னே தெரியல" என்றார் மாமா. அதற்குப் பிறகு அவர் பின்பக்கம் கால் கழுவக்கூடப் போகவில்லை.

செடிகளில் பாதி செத்ததும் அம்மாவும் சிரிப்பதை விட்டுவிட்டாள். ஒருநாள் கருவாட்டுச் சோற்றில் எலி மருந்தைப் பிசைந்து, கொட்டாங்குச்சியில் பாத்தி ஓரம் வைத்தாள். "கிட்ட போன, தோல உரிச்சிடுவேன்" என்று என்னிடம் சொன்னாள். பூனைகள் சோற்றை மோந்துகூடப் பார்க்கவில்லை. அந்த மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தன.

அந்த நேரம் பார்த்து முருங்கைக்கீரை விற்கும் ஓர் அம்மாள் வேலிக்கு வெளியே வந்தாள். "கீரே" என்று கூவிய குரல் பாதியில் நின்றது. நான்கு பூனைகளும் ஒரே சமயத்தில் எழுந்தன. அதுவரை வாயே திறக்காதவை, பால் கேட்கும் பிள்ளை மாதிரி கத்தின. அந்த அம்மாள் எங்களைக் கேட்கவில்லை. வழி தெரிந்தவள் போல வேலிச் சந்தில் நுழைந்து, நேராகப் பாத்திக்கு வந்து குந்தினாள். பூனைகள் அவளைச் சுற்றி உரசின.

"இங்கதாம்மா எங்க அடுப்பு இருந்துச்சி" என்றாள் அம்மாவிடம். "குவார்ட்டர்ஸ் கட்டறதுக்கு எங்க ஊர காலி பண்ணப்போ இதுங்கள கோணியில கட்டிகினுதான் போனேன். ரெண்டு நாள்ல காணாம பூடுச்சிங்க. ஆறின அடுப்புலதான் படுக்கும் இதுங்க. சாம்ப மண்ணும்மா இது, அதான் மிச்ச கத்திரி உனுக்கு இப்பிடி தளதளன்னு வந்திருக்குது."

அம்மா பாத்தி மண்ணைக் குனிந்து பார்த்தாள்.

"என்னாடி, சோத்த வச்சிகினு தின்னாம குந்திகினுக்கீறீங்க? நான் போட்டாத்தான் தின்னுவீங்களா?" என்று பூனைகளிடம் சொல்லிக்கொண்டே அவள் கொட்டாங்குச்சியை எடுத்துக் கையில் சோற்றை உருட்டினாள். பூனைகள் முகத்தை நீட்டின.

அம்மா பாய்ந்து அந்தக் கையைத் தட்டிவிட்டாள். சோறு சிதறியது. பூனைகளைக் காலால் எத்தித் தள்ளிக்கொண்டே, ஒரு பருக்கை விடாமல் மண்ணோடு சேர்த்து மடியில் அள்ளினாள்.

அந்த அம்மாள் வெறுங்கையைப் பார்த்தாள். "ஒரு வா சோறும்மா. அதுவும் பூனைக்கு. அதுக்கா இப்பிடி?"

மருந்து கலந்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அம்மா சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டே நின்றாள். கீரைக்கார அம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்த சந்து வழியே போனாள். பூனைகள் வேலி வரை கூடவே போய், திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தன.

அம்மா ஆழமாகக் குழி தோண்டிச் சோற்றைப் புதைத்து, மேலே கல்லை உருட்டி வைத்தாள். கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். மிச்சமிருந்த கத்திரிச் செடிகளைத் தானே பிடுங்கிப் போட்டாள். பிறகு புதிதாக உலை வைத்து, நாலு கை சோறு கொண்டுபோய் அந்த இடத்தில் வைத்தாள். பூனைகள் தின்னவில்லை.

இவ்வளவையும் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அந்த அம்மாள் மனுஷிதானா என்றே சந்தேகம். "அந்தம்மா மறுபடியும் வந்துடுவாங்களாம்மா?" என்று அழுகிற குரலில் கேட்டேன்.

"அவங்க வூட்டுக்கு அவங்க வர்றதுக்கு உன்ன கேக்கணுமா?" என்றாள் அம்மா.

அப்படியென்றால் இது எங்கள் வீடு இல்லையா? வாசலுக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். சுவரில் கறுப்புப் பெயிண்டில் எங்கள் பிளாக்கும் வீட்டு நம்பரும் அப்படியே இருந்தன. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தேன். வீடு எங்களுடையதுதான். பயம் தெளிந்து உள்ளே வந்து, தட்டைப் போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன்.