யாருக்கும் காய்ச்சல் வராத அறை

செய்தி கல்லூரியின் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. அகமதிப்பீட்டு மதிப்பெண்களை மாலைக்குள் பதிவேற்ற வேண்டும் என்ற அறிவிப்புக்கும், அந்தக் கெடு நீட்டிக்கப்பட்டது என்ற அறிவிப்புக்கும் நடுவில், சௌந்தரி மேடம் அதிகாலையில் மணலூர்பேட்டையில் இறந்துவிட்டார் என்று இருந்தது. எங்கள் குழுவில் எது வந்தாலும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவது பழக்கம். இதற்கும் பதினொரு பேர் உயர்த்தியிருந்தார்கள். ஒன்பதாவது ஆள் நான். அதைக் கவனித்து நீக்கியபோது பல் விளக்கி முடித்திருந்தேன்.

அவர் எங்கள் தமிழ்த்துறையில் கௌரவ விரிவுரையாளர். நிரந்தரப் பணியில் இல்லாதவர்களுக்கு இரங்கல் தீர்மானம் போட முன்மாதிரி இல்லை என்று அலுவலகத்தில் சொன்னார்கள். முன்மாதிரி இல்லாத எதையும் எங்கள் கல்லூரி செய்வதில்லை. ஆகவே அவரைத் தெரிந்தவர்களுக்காகவும், அந்த அறையில் உட்கார்ந்து எழுந்து போனவர்களுக்காகவும் இதை இங்கே எழுதுகிறேன்.

அந்த அறை என்றால் எழுத்து உதவி மையம். வெளியூரிலிருந்து ஒரு குழு கல்லூரியைப் பார்வையிட்டுத் தரம் சொல்ல வருகிறது என்றதும், உடற்கல்வித் துறையின் பழைய சாமான் அறையைக் காலி செய்து, வெள்ளையடித்து, பெயர்ப்பலகை மாட்டினோம். குண்டு எறிதல் போட்டிக்கான இரும்புக் குண்டு ஒன்றை மட்டும் யாருக்கும் தூக்க மனம் வராமல் மூலையில் விட்டுவிட்டோம். குழு வந்தது. பலகையின் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டது. மதியச் சாப்பாடு நன்றாக இருந்ததாகச் சொல்லிவிட்டுப் போனது. மையத்தின் வேலை அத்துடன் முடிந்தது என்று எல்லோரும் நினைத்தோம். சௌந்தரி மட்டும் மறுநாள் மாலை மூன்றரை மணிக்கு அறையைத் திறந்து உட்கார்ந்திருந்தார். ஏன் என்று கேட்டேன். "போர்டு மாட்டிட்டீங்களே சார். யாராவது நிஜம்னு நெனச்சிக்கினு வந்துட்டா?" என்றார்.

வந்தார்கள். ஆனால் எங்கள் ஊர்ப்பக்கம் எழுத்துக்கு உதவி என்றால் ஒரே அர்த்தம்தான். தாலுகா ஆபீஸ் வாசலில் பேனாவோடு உட்கார்ந்திருப்பவர் மனு எழுதித் தருவார். நாம் கையெழுத்துப் போடுவோம். பிள்ளைகள் வெள்ளைத்தாளை நீட்டி, "எழுதிக் குடுங்க மேடம்" என்றார்கள். அவர் தன் பேனாவை மூடிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, "இன்னா சொல்லணும்? வாயால சொல்லு" என்பார். பத்து வரிக் கடிதத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும். அவர் இரண்டு பஸ் மாறி வீடு போக வேண்டியவர். கொட்டாவி விட்டுக்கொண்டேதான் கேட்பார், ஆனால் கேட்பார்.

மையத்தின் ஒருங்கிணைப்பாளர் நான். பத்திரிகைகளில் நையாண்டிக் கட்டுரை எழுதுகிறவன் என்பதால் எனக்கு அந்தப் பதவி. பதவிக்காலத்தில் நான் செய்த ஒரே பணி, ஒரு மாதிரிக் கடிதம் எழுதி அறைச் சுவரில் ஒட்டியது. 'கடுமையான காய்ச்சலால் அவதியுற்றமையால் கல்லூரிக்கு வர இயலாத நிலை ஏற்பட்டது என்பதைத் தங்கள் மேலான கவனத்திற்குப் பணிவுடன்' என்று போகும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

மூன்று வருடங்களுக்கு முன், பருவத்தேர்வுக்குச் சற்று முன்னால், வருகை குறைந்த மாணவர்கள் விளக்கக் கடிதம் தர வேண்டும் என்று உத்தரவு வந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட கடிதங்கள் வந்தன. அத்தனை பேருக்கும் கடுமையான காய்ச்சல். அத்தனை பேரும் அவதியுற்றிருந்தார்கள். ஒரு பையன் மேலே 'மாதிரிக் கடிதம்' என்ற தலைப்பையும் சேர்த்தே எழுதியிருந்தான். கல்லூரி முதல்வர் இயற்பியல்காரர், எதையும் நம்புகிறவர். ஏதோ தொற்று பரவுகிறது என்று பயந்து சுகாதார நிலையத்துக்குப் போன் செய்துவிட்டார். மறுநாள் ஊசி, ரத்தம் எடுக்கும் குழாய்களோடு வேன் வந்து நின்றது. காய்ச்சல்காரர்கள் அனைவரும் பின்பக்க மதிலைத் தாண்டிக் குதித்து ஓடினார்கள். அவ்வளவு ஆரோக்கியமான ஓட்டத்தை எங்கள் விளையாட்டு விழாவில்கூட நான் பார்த்ததில்லை.

முதல்வருக்குக் கோபம். டாக்டர் சான்றிதழ் இல்லாத காய்ச்சல் செல்லாது, கடிதத்தை மாற்றித் தராதவர்கள் தேர்வு எழுத முடியாது என்றார். அன்று மாலை அறைக்குப் போனபோது சுவரில் என் கடிதம் இல்லை. நான்கு மூலைகளிலும் டேப் ஒட்டிய தடம் மட்டும் இருந்தது. சௌந்தரியின் எதிரே மல்லிகா என்ற மூன்றாமாண்டு மாணவி உட்கார்ந்திருந்தாள். கல்வராயன் மலை மேலிருந்து தினம் இறங்கி வருகிறவள். பருவம் போனால் வருடம் போகும்; வருடம் போனால் வீட்டில் மறுபடி அனுப்ப மாட்டார்கள். நான் ஓரமாக உட்கார்ந்து விடைத்தாள் திருத்துவது போல இருந்தேன்.

"வாசி" என்றார் சௌந்தரி.

"எனக்கு ஏற்பட்ட கடுமையான காய்ச்சலால்…"

"காய்ச்ச எல்லாருக்கும் வரும். உனக்கு இன்னா வந்துச்சி?"

"ஒண்ணும் வரலீங்க மேடம்."

"அப்ப ஏன் காலேஜிக்கு வரல?"

"வந்தேங்களே. தெனமும் வந்தேன். எங்க ஊர்லருந்து ஒரே பஸ்ஸு. அது இங்க வர்றதுக்கே பத்து மணி ஆயிடுது. ஒம்போதரைக்கே பேர் கூப்ட்டுடறாங்க."

எங்கள் கல்லூரியில் முதல் மணியில் பேர் கூப்பிடும்போது இல்லாவிட்டால் அரை நாள் வராத கணக்கு. மூன்று வருடமாகத் தினமும் வந்து, பாதி நாள் வராதவளாக இருந்தவள், அதற்காகக் காய்ச்சல் என்று மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்தாள்.

"வந்து எங்க நின்ன?"

"ஜன்னலாண்ட. உள்ள உட மாட்டாங்க. ஆனா கேக்கும்."

"கேட்டேன்னா யாரு நம்புவா?"

மல்லிகா யோசித்தாள். பாடங்களை வரிசையாகச் சொன்னாள். பிறகு தயங்கி, "சார் தாசில்தார் ஜோக்க ரெண்டு தடவ சொன்னாங்க" என்றாள்.

வாரத்தில் நான்கு நாள் அந்த முதல் மணி என்னுடையது. தாசில்தார் ஜோக்கும் என்னுடையது. சௌந்தரி என் பக்கம் திரும்பவே இல்லை. அந்த மரியாதையை நான் மறக்கவில்லை.

"இத்தயே எழுது."

"இத எழுதினா ஒத்துக்குவாங்களா மேடம்? டாக்டர் சீட்டோட காய்ச்சன்னாதான் ஒத்துக்குவாங்கன்னு சொன்னாங்க."

"தெரியல. ஆனா ஊசி போட வேன் வராது."

மல்லிகா எழுதினாள். 'எனக்குக் காய்ச்சல் இல்லை. நான் எல்லா நாளும் வந்தேன். பஸ் பத்து மணிக்கு வரும்' என்று தொடங்கும் எட்டு வரி. முதல்வர் அதை இரண்டு முறை படித்து, "இதுக்குக் காய்ச்சலே தேவலாம்" என்றார். வகுப்பாசிரியர் எழுத்தில் உறுதி செய்தால்தான் அனுமதி என்றும் சொன்னார். அவள் வகுப்பாசிரியர் நான்தான். எனவே நான் எழுத வேண்டி வந்தது. எழுத்து எனக்குத் தொழில். கால் மணியில் முடித்தேன். மேற்படி மாணவியின் போக்குவரத்து இடர்ப்பாடுகளைக் கனிவுடன் பரிசீலிக்குமாறு கேட்டிருந்தேன். சௌந்தரியிடம் காட்டினேன்.

"வாசிங்க சார்."

வாசித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். "நல்லா இருக்குது சார். இதுல நீங்க எங்க இருக்கீங்க?"

என்னைவிடப் பத்து வயது இளையவர், வருடா வருடம் மீண்டும் எடுப்பார்களா என்று காத்திருப்பவர். நான் ஒரு மாணவனைப் போல அந்த நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் மூன்று வாக்கியம் வந்தது. 'இந்தப் பெண் ஜன்னலுக்கு வெளியே நின்றாள். நான் பார்த்தேன். கூப்பிடவில்லை.' முதல்வர் கையெழுத்துப் போட்டார். மல்லிகா தேர்வு எழுதினாள். விதி மாறவில்லை, பஸ்ஸும் மாறவில்லை. என் வகுப்பில் நான் பேர் கூப்பிடுவது மட்டும் கடைசிப் பத்து நிமிடத்துக்கு மாறியது. அதையும் விதிமீறல் என்று ஒருமுறை விளக்கம் கேட்டார்கள். காய்ச்சல் என்று எழுதவில்லை.

செய்தி வந்த அன்று மணலூர்பேட்டையில் சௌந்தரியின் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் கணவர் கரும்பு விவசாயி. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க சார். உங்களப் பத்திச் சொல்லிக்கினே இருக்கும்" என்றார்.

"எப்படி ஆச்சு?" என்றேன்.

"நெஞ்சுதான் சார். ஆறு மாசமாவே இருந்திச்சி. ஆபரேசன்னு சொன்னாங்க. காலேஜி லீவு உடட்டும்னிச்சி. காலேஜில சொன்னியான்னு கேட்டேன். லெட்டர்ல எழுதிக் குடுத்துட்டேன்னு சொல்லிச்சி. உங்ககிட்டதான் குடுத்துச்சாமே?"

என்னிடம்தான் கொடுத்தார், போன மாதம். விடுப்புக் கடிதங்களெல்லாம் என் மேசை வழியாகத்தான் அலுவலகத்துக்குப் போகும். மாடிப்படியில் பாதியில் கைப்பிடியைப் பிடித்து நின்றபடியே நீட்டினார். நானும் நின்றபடியே, படிக்காமலே, 'பரிந்துரைக்கப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் தாளை வாங்காமல் ஒரு நொடி நின்றார். வகுப்புக்கு நேரமாகிறது என்று அதை அவர் கையில் வைத்துவிட்டு நான் மேலே ஏறிவிட்டேன்.

திரும்பி வந்து அலுவலகக் கோப்பில் அதைத் தேடி எடுத்தேன். நெஞ்சு என்று எழுதினால் அடுத்த வருடம் எடுக்க மாட்டார்கள் என்று நினைத்திருக்கலாம். 'கடுமையான காய்ச்சலால் அவதியுற்றமையால்' என்று இருந்தது. என் மாதிரிக் கடிதம், ஓர் எழுத்துக்கூட மாறாமல், அவருடைய அழகான கையெழுத்தில். கீழே என் பரிந்துரை.

கோப்புக்கு நகல் ஒன்றை வைத்துவிட்டு அந்தத் தாளை நான் எடுத்து வந்துவிட்டேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுவும், 'உனக்கு இன்னா வந்துச்சி?' என்று அவர் எல்லோரையும் கேட்ட அந்த ஒரு கேள்வியும்தான். அந்தப் படிக்கட்டில் அதை நான் அவரிடம் கேட்கவில்லை.