அரக்கு உடையாத மனு

ராபர்ட்சன்பேட்டையில் ஒரு தெருவுக்கு அவர் பெயரை வைக்கப் போகிறார்களாம். அதற்காக அடித்த நோட்டீஸ் ஒன்று போன வாரம் என் கைக்கு வந்தது. அவருடைய பொதுவாழ்வை நான்கு வரியில் முடித்திருக்கிறார்கள்: பிரதிநிதி சபைக்கு ஒரு தடவை நியமனம், அதன் பிறகு மூன்று தேர்தல், மூன்றிலும் வெற்றி, ஏழைகளுக்காகப் பேசியவர்.

முதல் மூன்று வரியும் உண்மை. நான்காவது வரியைப் படித்ததும் நோட்டீஸைக் கசக்கி எறிந்தேன். பிறகு எடுத்து நீவி வைத்துக்கொண்டேன். காகிதம் எதையும் எறிந்து எனக்குப் பழக்கமில்லை. மூன்று தேர்தலில் இரண்டில் அவர் பெயரை முன்மொழிந்து கையெழுத்துப் போட்டவன் நான். அதனால் நோட்டீஸில் விட்டுப்போனதை எழுத வேண்டியவனும் நான்தான். பெயர்களை எழுதப் போவதில்லை. வருஷங்கள் என் நாட்குறிப்பில் இருக்கின்றன, இங்கே போட மாட்டேன். அவருடைய பேரன்மார் இந்த ஊரில் கடை வைத்திருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கிழமையும் மாதமும் போதும்.

ரயில் தண்டவாளம் எங்கள் பக்கம் வந்து சில வருஷம் ஆகியிருந்தது. நான் ஒரு தங்கச் சுரங்கத்தில் ஸ்டோர் குமாஸ்தா. எண்ணெய், கயிறு, மெழுகுவர்த்தி, பாறையில் துளை போடும் ஜம்பர் கம்பி எல்லாம் என் ஜன்னல் வழியாகத்தான் ஆட்கள் கைக்குப் போகும். கம்பெனி கட்டிய லைன் வீடுகளில் இருந்தவர்கள் என்னை ‘ரைட்டரய்யா’ என்பார்கள். அந்த லைன்களில் ஆயிரக்கணக்கான ஜனம் இருந்தது; ஒருவருக்கும் ஓட்டு கிடையாது. நிலவரி கட்டுகிறவனுக்குத்தான் ஓட்டு. கம்பெனி வீட்டில் இருப்பவனுக்கு நிலம் ஏது? என் அம்மா வழியில் எனக்கு ஒரு மேட்டு நிலம் வந்திருந்தது. கேழ்வரகு கூடச் சரியாக விளையாத அந்தப் பூமிக்கு வரி மட்டும் தவறாமல் விளைந்தது. அந்த வரியால் நான் ஓட்டர்.

நோட்டீஸில் இருக்கும் அவர் கான்ட்ராக்டர். முதல் தடவை அவரைத் தேர்ந்தெடுத்து யாரும் அனுப்பவில்லை. பெரிய மனிதர் என்று பார்த்து நியமித்தார்கள். சபை கூடுகிற தசராவுக்கு மைசூர் போய், யானை ஊர்வலம் பார்த்து, சபையில் உட்கார்ந்து எழுந்து வந்தார். அடுத்த தடவை தேர்தல் என்று ஆனபோது என்னிடம் வந்தார். நான் இங்கிலீஷ் பத்திரிகை வாசிக்கிறவன், பார்லிமெண்ட் விவாதங்களைச் சென்னையிலிருந்து தபாலில் வரவழைத்துப் படிக்கிறவன். எங்கள் ஊரிலும் ஒரு சபை, ஒரு மெம்பர் என்றதும் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஊரிகத்தில் ரயிலேறித் தாலுகா கச்சேரிக்குப் போய், முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டாவது தேர்தல் வந்த வருஷம் பங்குனியில் லைனில் பேதி வந்தது. துளை போடும் ஆள் ஒருவர், குடியாத்தம் பக்கத்துக்காரர், அவருடைய ஐந்து வயதுப் பெண் ஒரே நாளில் போய்விட்டாள். எங்கள் மயானம் லைனுக்குக் கிழக்கே இருந்தது. இந்துக்களும் வேதக்காரக் கிறிஸ்தவர்களும் ஒரே இடத்தில்தான் புதைப்பார்கள், நடுவில் கள்ளி வேலி. கல் நட அவருக்கு வழியில்லை. தேய்ந்துபோன ஜம்பர் கம்பி ஒன்றைத் தலைமாட்டில் நட்டார். நாலடிக் கம்பி, மூன்றடி வெளியே தெரிந்தது. கம்பெனிச் சாமான்தான். ‘முறிந்தது’ என்று புத்தகத்தில் எழுதினேன். அதில் எனக்கு இன்றுவரை வெட்கமில்லை.

அப்போதுதான் சயனைடு மணல் சேரத் தொடங்கியது. பாறையை அரைத்துத் தங்கத்தை எடுத்த பிறகு மிஞ்சும் சாம்பல் நிற மணலைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து கொட்டுவார்கள். மேடு ஒவ்வொரு மாதமும் மயானத்தின் பக்கம் நகர்ந்து வந்தது. மேட்டின் அடிக்கும் கம்பிக்கும் நடுவே எத்தனை தப்படி என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் நடந்து பார்த்து எழுதினேன். சித்திரையில் நூற்றுப்பத்து. ஆனியில் எண்பத்து மூன்று. ஆடி முடிவில் ஐம்பத்தாறு.

மணல் கொட்டும் கான்ட்ராக்ட் யாருடையது? நம் மெம்பருடையது. இது ஊருக்கே தெரியும், எனக்கும் தெரியும். இங்கேதான் நான் முட்டாளானேன். மணல் அவர் கையில் இருக்கிறது, அவர் நம் மெம்பர், ஒரு வார்த்தை சொன்னால் வண்டி வேறு பக்கம் திரும்பிவிடும் என்று நினைத்தேன். படித்த புத்தகத்தில் எல்லாம் அப்படித்தான் நடந்தது.

இரண்டாவது தேர்தலுக்குக் கையெழுத்துக் கேட்டு ஆவணியில் ஸ்டோருக்கு வந்தார். துளைக்காரரையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன்.

“அடடா, கொழந்த சமாதியா!” என்று உச்சுக்கொட்டினார். “நான் இன்னாய்யா செய்வேன் ரைட்டரே? கம்பெனி காட்டுற எடத்துல கொட்றேன். நான் வெறும் வண்டிக்காரன். ஆனா ஒண்ணு. சர்க்காரு சொன்னா கம்பெனி கேட்டுத்தானே ஆவணும்? மனு எழுதிக் குடு. தசராவுல சபையில எழுந்து நின்னு படிக்கிறேன்.”

துளைக்காரர் கைகூப்பினார். “சாமி, மேட்ட நிறுத்தச் சொல்லல. கொஞ்சம் ஒதுங்கிப் போச்சொல்லுங்க. அது போதும்.”

“உன் பொண்ணு என் பொண்ணுய்யா,” என்றார் மெம்பர். நான் கையெழுத்துப் போட்டேன்.

மனுவை இங்கிலீஷில் எழுதினேன். எண் போட்ட பத்திகள், தப்படிக் கணக்கு, லைன்காரர்களின் கைநாட்டு எல்லாம் இருந்தது. என் இங்கிலீஷ் மேல் எனக்கு இருந்த கர்வத்தில், கொண்டுபோகிறவருக்குத் தெலுங்கும் கன்னடமும் தவிர வேறெதுவும் படிக்க வராது என்பதை நினைத்துப் பார்க்கவில்லை. படிக்கத் தெரிந்த யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்வார் என்று இருந்துவிட்டேன். திவான் கச்சேரிக்குப் போகிற காகிதம் என்று உறையில் போட்டு, ஸ்டோர் அரக்கை உருக்கி, என் மோதிரத்தாலேயே முத்திரை வைத்தேன். புரட்டாசி, ஒரு திங்கட்கிழமை. ஊரிகம் ஸ்டேஷனில் மாலை போட்டு அவரை ரயிலேற்றினோம். துளைக்காரர் முதல் ஷிப்டை விட்டுவிட்டு வந்திருந்தார்.

மெம்பர் திரும்பி வந்தது ஐப்பசியில். பதினொரு நாள் அவரிடமிருந்து தகவல் இல்லை. பன்னிரண்டாம் நாள் நானே அவர் வீட்டுக்குப் போனேன். மைசூரில் விளக்கு அலங்காரம் எப்படி இருந்தது, எந்த வரிசையில் நாற்காலி போட்டார்கள் என்று வெகுநேரம் சொன்னார். மனு என்ன ஆயிற்று என்று கேட்டேன். உள்ளே போய்த் தலைப்பாகைப் பெட்டியைத் திறந்து உறையை எடுத்து வந்து கொடுத்தார்.

என் மோதிரத்தின் அச்சு, அரக்கில் வைத்தது வைத்தபடி இருந்தது.

“எங்கய்யா நேரம் குடுத்தாங்க? பத்திரமா வச்சுக்க. வர்ற வருசத்துக்கு ஆவும், தேதிய மட்டும் மாத்திப்புடு,” என்றார். அவர் வருத்தப்பட்டிருந்தால், பொய்யாகவாவது வருத்தப்பட்டிருந்தால், நான் அன்றைக்கே மன்னித்திருப்பேன். உபயோகப்படுத்தாத சாமானை ஸ்டோரில் திருப்பிக் கொடுக்கிறவன் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அவர் முகம்.

லைனுக்கு வந்து சொன்னேன். துளைக்காரரின் மனைவி முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

“இன்னா ரைட்டரய்யா, உங்க காகிதம் மைசூரு போயி யானை பாத்துட்டு வந்துச்சா? மவராசனுக்கு வணக்கம் சொல்லிச்சா?”

“சும்மா இரு,” என்றார் அவர்.

“நா ஏன் சும்மா இருக்கணும்? அந்தாளுக்கு மாலை போட நீ ஷிப்ட வுட்டுட்டுப் போனியே, அந்த மாலையாச்சும் வாங்கியாந்தியா? எம்பொண்ணு தலமாட்டுல போட்டிருப்பேன்.”



தை மாதம் சபை நடவடிக்கை அச்சாகி வந்தது. தபாலில் ஒரு பிரதி வரவழைத்தேன். நம் மெம்பர் பேசியது ஒரே பக்கத்தில் இரண்டு இடம். ஒன்றில் தன் மாந்தோப்பிலிருந்து ரயிலடிக்கு ரஸ்தா போட வேண்டும் என்று கேட்டிருந்தார். தோப்பு அவருடையது என்று அதில் இல்லை. இன்னொன்றில், சுரங்கப் பகுதி ஜனங்களுக்குக் குறை என்று சொல்லும்படி ஏதுமில்லை என்று சந்தோஷத்தோடு தெரிவித்திருந்தார். அந்தப் பக்கத்தை மூன்று முறை படித்தேன். நேரம் கொடுக்கவில்லை என்றாரே, எங்களுக்குக் குறையில்லை என்று சொல்ல மட்டும் நேரம் இருந்திருக்கிறது. பேசாமல் உட்கார்ந்திருந்தால் அது சோம்பல். இது சோம்பல் இல்லை. எங்கள் வாயை இவர் கடன் கேட்டு வாங்கிப் போய், எங்களுக்கு எதிராகவே பேசிவிட்டு வந்திருந்தார்.

மாசியில் மணல் கம்பியைத் தொட்டது. அதன் பிறகு எண்ணுவதற்குத் தப்படி இல்லை. கம்பியின் உயரத்தை அளந்தேன். மூன்றடி, இரண்டடி, ஒரு சாண். ஒரு சாணாக ஆன ஞாயிற்றுக்கிழமை துளைக்காரர் மணலைத் தோண்டிக் கம்பியை உருவி, இம்மியும் பக்கவாட்டில் நகராமல் அதே இடத்தில் மேலே தூக்கி நட்டார். பாறையில் நேர்க்கோட்டில் துளை போட்டுப் பழகிய கை. மறுபடி மணல் வந்தது, மறுபடி தூக்கினார். கம்பி மேட்டோடு உயர்ந்துகொண்டே போனது. மயானத்தில் மற்ற எதுவும் தெரியவில்லை. கள்ளி வேலி போயிற்று, சிலுவைகள் போயின. கிழக்கே தங்கள் ஆட்களைப் புதைத்திருந்த அத்தனை பேரும் அந்தக் கம்பியை வைத்துத்தான் தங்கள் இடத்தைக் குறித்தார்கள். அங்கிருந்து நாலு தப்படி வடக்கே என் அப்பன், ஏழு தப்படி தள்ளி என் தம்பி என்பார்கள். அவர்களுக்கு மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான்.

மூன்றாவது தேர்தல் வந்தது. ஆனி மாதம், ஒரு ஞாயிறு காலை, மெம்பர் என்னைத் தேடி மேட்டுக்கே வந்துவிட்டார். நானும் துளைக்காரரும் மேலே நின்றிருந்தோம். மணல் சரிந்து சரிந்து காலை வாரியது. மூச்சு வாங்க ஏறி வந்தவர், உச்சியில் தடுமாறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“நல்ல காத்துய்யா இங்க,” என்றார். “கோரமண்டல் லைன் வரைக்கும் தெரியுது. ரைட்டரே, காகிதம் கொண்ணாந்திருக்கேன். நீதான் மொதல் கையெழுத்து. உன் கையி ராசியான கையி.”

நான் வாய் திறப்பதற்குள் துளைக்காரர் சொன்னார், மிகவும் மரியாதையாக:

“நல்லாப் புடிச்சுக்கோங்க சாமி, வழுக்கும். அது எம்பொண்ணு தலமாடு. நீங்கதான சொன்னீங்க, உங்க பொண்ணுன்னு.”

மெம்பர் கையை எடுத்துவிட்டார். சுட்டது போல எடுத்தார் என்று எழுத ஆசைதான்; அப்படி இல்லை. உள்ளங்கையில் துரு ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தார், வேட்டியில் துடைத்தார். “கையெழுத்துப் போடறியா இல்லியா?” என்று என்னைக் கேட்டார்.

“இல்லை,” என்றேன்.

“நீ போடலன்னா நான் தோத்துருவேனா?”

“தோற்க மாட்டீர்கள். ஆனால் என் கையெழுத்து இருக்காது.”

அவர் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார். என் இடத்தில் ஒரு சாராயக்கடைக்காரர் கையெழுத்துப் போட்டார். கச்சேரிக்குப் போய் எதிர்த்துச் சொன்னவன் நான் ஒருவன்தான். அவர் ஜெயித்தார். நோட்டீஸில் இருக்கும் மூன்றாவது வெற்றி அதுதான்.

ஜெயித்த அடுத்த புதன்கிழமை, காலை ஷிப்டுக்குக் கம்பி வாங்க ஆட்கள் என் ஜன்னலில் வரிசையாக நின்றிருந்தார்கள். மணல் கான்ட்ராக்டின் காவல்காரன் வரிசையை இடித்துக்கொண்டு வந்து, ஒரு துருப்பிடித்த ஜம்பரை ஜன்னல் பலகைமேல் போட்டான்.

“கம்பெனிச் சாமான் மேட்டுல கெடந்துச்சாம். புடுங்கி ஸ்டோர்ல ஒப்படைக்கச் சொன்னாரு மெம்பரு.”

வரிசையில் மூன்றாவது ஆளாகத் துளைக்காரர் நின்றிருந்தார். தன் சுத்தியல் பட்டு வளைந்த தலையை அவருக்கு அடையாளம் தெரியாதா? நான் புத்தகத்தில் ஒன்றும் எழுதாமல் கம்பியை அவர் பக்கம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

“எதுக்கு ரைட்டரய்யா? எங்க நடுவேன்? நேத்து வண்டி பத்து நடை கொட்டிட்டான். எடம் எதுன்னு யாரு சொல்லுவாங்க?”

பிறகு வேறு கம்பியை வாங்கிக்கொண்டு கூண்டில் ஏறிச் சுரங்கத்துக்குள் இறங்கினார். அப்பனையும் தம்பியையும் அந்த மயானத்தில் புதைத்தவர்கள் எத்தனை பேரோ, அவ்வளவு பேரும் அந்த வரிசையில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

என் தப்படிக் கணக்கெல்லாம் மேட்டின் அடிக்கும் கம்பிக்கும் நடுவேதான். கம்பியிலிருந்து நிலையான ஒரு மரத்துக்கோ, ரயில் கம்பத்துக்கோ ஒரே ஒரு தடவை அளந்திருந்தால் இடத்தைக் கண்டுபிடித்திருக்கலாம். நாள் தவறாமல் எழுதிய எனக்கு அது தோன்றவில்லை. மெம்பர் மேல் எனக்குள்ள கோபத்தில் இந்த என் பங்கை நான் கழித்துக்கொள்வதில்லை.

அந்தக் கம்பி இன்று என் வீட்டுக் கதவுக்குப் பின்னால் நிற்கிறது. உறை அலமாரியில் இருக்கிறது, அரக்கோடு. தெருவுக்குப் பெயர் வைக்கும் கமிட்டிக்கு இதையெல்லாம் எழுதி நேற்று அனுப்பினேன். தமிழில் எழுதினேன். உறையை ஒட்டவில்லை.