புல்லியில் ஒரு சந்தனப் பொட்டு

ராஜபாளையத்தில் என் ஒர்க்‌ஷாப்புக்கு அந்தப் பழைய பெட்ரோல் கார் வந்து நின்றபோது ரேடியேட்டரில் ஆவி பறந்துகொண்டிருந்தது. ஓட்டி வந்தவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் ரிட்டயர் ஆன டீச்சர். பக்கத்து சீட்டில் பட்டாளத்திலிருந்து லீவில் வந்த மகன். வண்டி கொதித்ததில் மகனுக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

டீச்சருக்கு வத்திராயிருப்பில் தென்னந்தோப்பு. வாராவாரம் தானே ஓட்டிப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். இப்போது வண்டியில் இழுவை இல்லை, பாதி வழியில் கொதிக்கிறது. மறுநாள் பழைய இரும்பு வியாபாரியை வரச் சொல்லிவிட்டார் மகன். தோப்பையும் விலைக்குக் கேட்டு ஆள் வந்திருக்கிறதாம்.

"காரு போனா தோப்பும் போயிரும் தம்பி. பொறவு நான் டிவி பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும்" என்றார் டீச்சர்.

ஏற்கெனவே இரண்டு ஒர்க்‌ஷாப்பில் டைமிங்கை, அதாவது பிளக்கில் பொறி விழும் நேரத்தை, வைத்து, சரியாக இருக்கிறது என்று அனுப்பியிருந்தார்கள். நானும் டைமிங் லைட்டை மாட்டினேன். பிளக்கில் பொறி விழும்போதெல்லாம் அந்த லைட் மின்னும். இன்ஜின் முன்னால் சுற்றுகிற புல்லிச் சக்கரத்தில் உள்ள குறி நிற்பதுபோலத் தெரியும். வெள்ளைக் குறி பக்கத்தில் அசையாமல் இருக்கும் பாயின்டருக்கு நேராக நின்றது. லைட் பொய் சொல்லாது என்பது என் கட்சி.

ஆனால் இன்ஜின் சத்தம் மந்தமாக இருந்தது. பொறியைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரைத் தளர்த்தி லேசாகத் திருப்பினால் சத்தம் தெளிகிறது, லைட்டில் குறி விலகுகிறது. எனக்கு எரிச்சலாக வந்தது. இன்ஜினை நிறுத்தி, முதல் பிளக்கைக் கழற்றி, புல்லியைக் கையால் சுற்றி பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்தேன். குறி பாயின்டருக்கு இன்னும் வந்தே சேரவில்லை. அப்படியென்றால் பொறி தாமதமாக விழுகிறது. விரலால் தேய்த்தேன். குறி விரலோடு வந்துவிட்டது.

சந்தனம்.

"ஆயுத பூசைக்கு நாந்தான் வச்சேன்" என்றார் டீச்சர். பேட்டரி, ரேடியேட்டர், ஏர் ஃபில்டர், எதையும் விடவில்லையாம். புல்லிக்கும் ஒரு பொட்டு. பூஜை முடிந்த வாரம் சர்வீஸுக்கு விட்டிருக்கிறார். அதிலிருந்துதான் கொதிப்பு. கம்பெனியில் போட்ட அசல் வெட்டுக் குறி கிரீஸுக்கு அடியில் கிடந்தது. இரண்டு மெக்கானிக்குகள் சாமி பொட்டுக்கு டைமிங் வைத்திருக்கிறார்கள். மூன்றாவதாக நான் அதை ஆமோதிக்க இருந்தேன்.

வெட்டைத் துடைத்து, அதற்கு டைமிங் வைத்து, மகனையே ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். மம்சாபுரம் வரை போய் வந்தார். டெம்பரேச்சர் முள் ஏறவில்லை. இறங்கியதும் இரும்பு வியாபாரிக்குப் போன் போட்டு, "வர வேண்டாம்ணே, அம்மா விக்கலையாம்" என்றார். டீச்சர் டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது.

இனிமேல் புல்லியில் மட்டும் பொட்டு வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

"அதெப்படி வைக்காம இருக்கது? அந்த வெட்டு எங்கன இருக்குன்னு காட்டுங்க. அதுமேலயே வச்சிருதேன்."

அடுத்த ஆயுத பூஜைக்குச் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். நான் துடைத்துக் காட்டினேன், அவர் வைத்தார். இப்போது லைட் அடித்தால் வேறெந்த வண்டியிலும் இல்லாத அளவுக்குக் குறி பளிச்சென்று தெரிகிறது.

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: லைட்டை எடுக்கும் முன் துணியை எடுங்கள். டீச்சர் வண்டியை மட்டும் துடைக்காதீர்கள்.