தானாக இறங்கிய மைக்

அப்பாவின் பணி ஓய்வு விழாவுக்கு மைக் செட் பார்க்கிற வேலையை நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன். காரணம் அம்மா. நிலக்கரி மைன்ஸ் இயந்திரச் சத்தத்தில் அப்பாவுக்குக் காது மந்தம். காதுக்கு மிஷின் மாட்டச் சொன்னால் எரிந்து விழுவார். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, திருநெல்வேலிப் பக்கம் தன் ஊரில் குடியேறுவதென்று அவராகவே முடிவுகட்டிவிட்டார். அம்மா பக்கத்துத் திருவதிகைக்காரி. கூடப்பிறந்தவர்கள் அத்தனை பேரும் இங்கேதான். "மேடையில ஒரு வார்த்த சொல்லப் போறேன்டா. ஒங்கப்பா காதுல விழணும்" என்று காலையிலேயே சொல்லிவிட்டாள்.

ஹாலில் மைக் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கப் புது மிக்ஸர். அதில் ஆட்டோ கெயின் என்று ஒன்று: மெதுவாகப் பேசினால் தானே சத்தத்தை ஏற்றும், கத்தினால் தானே இறக்கும். அம்மாவின் சன்னக் குரலுக்கு இதுதான் சரி என்று நினைத்தேன். ஆனால் பேச்சு நின்றபோதெல்லாம் அது ஃபேன் சத்தத்தை ஏற்றிவிட்டுத் தொலைத்தது. எரிச்சலில், இறங்கிய சத்தம் மறுபடி ஏறுவதற்கான நேரத்தை நீட்டி வைத்தேன். பெரிய மேதாவி!

மைன்ஸ்காரர்கள் மைக்கைப் பிடித்தால் எதிரே இயந்திரம் ஓடுவதுபோலத்தான் கத்துவார்கள். ஒவ்வொருவரும் கத்தக் கத்த, சிவப்பு விளக்கு எரிந்தது, சத்தம் இறங்கியது. கடைசியில் அப்பா வேறு கத்தித் தீர்த்தார். அவர் முடித்ததும், வழக்கம்போல "அண்ணியும் ரெண்டு வார்த்த பேசட்டும்" என்று மைக்கை அம்மா கையில் திணித்தார்கள்.

அம்மாவின் உதடு அசைந்தது. ஸ்பீக்கரில் ஒன்றும் வரவில்லை. அப்பா கத்தியதில் இறங்கிய சத்தம் இன்னும் ஏறவில்லை; நான் நீட்டி வைத்த நேரம் அப்படி.

"சத்தம் வரலீங்க!" என்றது பின்வரிசை.

அப்பா பாட்டுக்குக் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அம்மா என்னைப் பார்த்தாள். ஐயோ, மைக்கைத் திருப்பிக் கொடுக்கப் போகிறாள்! ஆட்டோவை அணைத்தேன். குமிழைத் திருகி ஏற்றினேன். கீயென்று ஊளையிட்டது. கொஞ்சம் இறக்கி, அப்படியே பிடித்துக்கொண்டேன்.

அம்மா அப்பா பக்கம் திரும்பினாள்.

"எனக்கு ஒங்க ஊருக்கு வர மனசில்லீங்க. இங்கயே ஒரு வூடு பாத்துக்கலாம்."

ஹால் முழுக்கக் கேட்டது. அப்பாவின் முகத்தில் சிரிப்பைக் காணோம்.

"இத ஏன் வீட்டுல சொல்லல?" மைக் இல்லாமலே அவர் குரல் கடைசி வரிசைக்குப் போனது.

அம்மா மைக்கை வாயருகே கொண்டுபோனாள்.

"தெனம் சொல்லிக்கினுதாங்க இருந்தேன்."